காஞ்சியில் வேதாகமம்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டே காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். ஒன்று சுவாமி தரிசனம். மற்றொன்று கல்யாணப் பட்டு. பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பட்டு வாங்கும் சக்தி குறைவாதலால், சென்ற மார்கழியில் நான் அங்கே போயிருந்தபோது அரை நாள் எனக்கு மிச்சமாயிற்று. அந்த அரை நாளில் நான் தேடிச் சென்ற பொருள் சற்று விசித்திரமானது. கிறிஸ்தவ வேதாகமம் இந்தக் கோயில் மாநகரின் பேச்சிலும் படிப்பிலும் பொது வாழ்விலும் விட்டுச் சென்றிருக்கும் அடையாளங்கள் எவை என்று பார்க்க விரும்பினேன்.

"கோயிற்கடலில் போய்ப் பைபிளைத் தேடுகிறீரே!" என்று உடன் வந்த நண்பர் சிரித்தார். ஆனால் காஞ்சியின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது சிரிப்பாகத் தோன்றாது. பல சமயத்தார் தத்தம் நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடிய ஊர் அது. மணிமேகலை அறவண அடிகளிடம் பௌத்த தர்மத்தைக் கேட்டுணர்ந்தது இங்கேதான். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் ஹியூன் சாங் இங்கே வந்து தங்கினார். அதே நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகம் முழுவதும் காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. காபாலிகனும் பௌத்த பிக்ஷுவும் பாசுபதனும் அதில் ஒருவரோடொருவர் சண்டையிடுகிறார்கள். ஸ்ரீ ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட இடமும் காஞ்சிதான். உபநிஷத வாக்கியத்துக்குப் பொருள் சொல்வதில் குருவும் சீடரும் மாறுபட்டுப் பிரிந்த கதையை யாவரும் அறிவர். வேகவதி நதிக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்தில் ஜைனக் கோயில் இன்றும் பூஜையுடன் விளங்குகிறது. இப்படிப்பட்ட ஊருக்கு இன்னொரு வேதம் வந்து சேர்ந்தது ஆச்சரியமில்லை. அது வந்தபின் என்ன நேர்ந்தது என்பதுதான் அறிய வேண்டிய விஷயம்.

ஒரு சொல்லின் கதை

செங்கற்பட்டிலிருந்து வாலாஜாபாத் வழியாக வரும் ரயிலில் இறங்கிய எங்களுக்கு முதலில் தென்பட்டது 1921-ம் வருஷத்தில் கட்டப்பட்ட கிறிஸ்து நாதர் ஆலயம். செங்கல் வளைவுகளும் தூண்களும் கொண்ட ஸ்காட்லாந்துப் பாணிக் கட்டடம். பெரிதும் அல்ல, ஆடம்பரமும் அல்ல. உள்ளே பீடத்தின்மேல் பெரிய தமிழ் வேதாகமம் ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதை அரைமணி நேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அங்கிருந்து ஏகாம்பரநாதர் சந்நிதிக்குப் போனோம்.

1509-ம் வருஷத்தில் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால், கொடிமரத்தின் அருகே பலிபீடம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சற்றுமுன் வாசித்த பக்கங்கள் நினைவுக்கு வந்தன. யூதர்களின் கோயிலில் இருந்த பீடத்துக்கும் தமிழ் வேதாகமம் 'பலிபீடம்' என்றே பெயர் சொல்லுகிறது. 'ஆலயம்', 'கர்த்தர்', 'கிருபை', 'பரிசுத்தம்', 'ஜெபம்', 'சங்கீதம்' ஆகிய சொற்களெல்லாம் நம் கோயில்களிலும் மடங்களிலும் வழங்கியவையே. எல்லாவற்றிலும் விசேஷமானது நூலின் பெயர். வேதம் ஓதுவதும், ஆகமப்படி பூஜை நடத்துவதும் காஞ்சிக் கோயில்களின் நித்தியப்படி வழக்கம். அந்த இரண்டு சொற்களையும் சேர்த்தே கிறிஸ்தவர்கள் தங்கள் நூலுக்கு 'வேதாகமம்' என்று பெயரிட்டுக்கொண்டார்கள். அதன் முதல் ஐந்து நூல்களும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று ஆகமங்களாகவே பெயர் பெற்றன. பல கிராமங்களில் ஜனங்கள் இன்றைக்கும் மாதா கோயிலை 'வேதக் கோயில்' என்று சொல்லக் கேட்கலாம்.

ஆகவே, அந்நிய நூல் ஒன்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது நம்மவர் சொற்களை உடுத்துக்கொண்டுதான் நுழைந்தது. உடுத்திவிட்டவர்களில் நம்மவரும் உண்டு. 1706-ம் வருஷத்தில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஸீகன்பால்கு என்னும் ஜெர்மன் பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் அரிச்சுவடி எழுதிப் பழகினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டை முடிக்குமுன் அவர் 1719-ல் இறந்தார். ஷூல்ட்ஸ் என்பவர் அதை முடித்தார். பிறகு சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரீஷியஸ் அந்த மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுதினார். பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியை 1761-ல் கைப்பற்றியபோது ஆங்கிலேயர் கொண்டுவந்த அச்சு யந்திரமே அவருக்குக் கிடைத்தது. இன்று புரொட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் வாசிக்கும் மொழிபெயர்ப்பு 1871-ல் முடிவடைந்தது. அதற்குத் தலைமை வகித்த பவர் ஐயருடன் முத்தையா பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர் உழைத்தார்.

குமரகோட்டமும் யாழ்ப்பாணமும்

ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாக்ஷி அம்மன் கோயிலுக்கும் நடுவே குமரகோட்டம் இருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடி அரங்கேற்றிய ஸ்தலம் அது. அந்தப் புராணத்தை யாழ்ப்பாணத்தார் தங்கள் உயிரினும் மேலாகப் போற்றினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த யாழ்ப்பாணத்திலே, சைவத்தில் ஊறிய இளைஞர் ஒருவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் ஆசிரியராக அமர்ந்து, வேதாகமத்தைத் தமிழாக்குவதில் அவருக்குத் துணை செய்தார். அவர்தாம் பிற்காலத்தில் ஆறுமுக நாவலர் என்று புகழ் பெற்றவர்.

நாவலர் வேதாகமத்தை வரி வரியாகக் கற்றார், ஆனால் கிறிஸ்தவராகவில்லை. 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார், அதன்பின் அச்சுக்கூடம் வைத்தார், சிறுவர்களுக்குப் பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதினார், பெரியபுராணத்தை வசனமாக்கினார். கோயிலில் நின்று ஜனங்களுக்கு விளங்கும் நடையில் பிரசங்கம் செய்தார். பாதிரிமார் கையாண்ட சாதனங்கள் அனைத்தையும் எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். அதுகாறும் பெரிய நூல்களெல்லாம் செய்யுளாகவே இருந்த தமிழில், அச்சிட்ட வசனத்துக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது இந்தப் போட்டியினால்தான். நீங்கள் இப்பொழுது இந்தப் பத்திரிகையை வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறீர்களே, அந்தப் பழக்கத்திலும் அப்போட்டியின் பங்கு ஒன்று இருக்கிறது.

ஆண்டர்சன் பள்ளிக்கூடம்

நூலிலிருந்து இனி ஊருக்கு வருவோம். காஞ்சியில் ஆண்டர்சன் மேல்நிலைப் பள்ளி என்று ஒரு கல்வி நிலையம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் என்னும் பாதிரியாரின் பெயரால் விளங்குவது. அவர் 1837-ல் சென்னை அர்மீனியன் தெருவில் தொடங்கிய பள்ளியே வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையாயிற்று. தொடங்கிய சில வருஷங்களுக்குள்ளேயே காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் நெல்லூரிலும் கிளைகள் ஏற்பட்டன.

அந்தப் பள்ளிகளில் கணக்கும் பூகோளமும் ஆங்கிலமும் போதிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக வைக்கப்பட்ட பாடப் புத்தகம் பைபிள். உத்தியோகத்துக்காக ஆங்கிலம் கற்க வந்த மேல்சாதிப் பையன்கள் பைபிளையும் கற்க வேண்டியிருந்தது. "இங்கிலீஷ் வேண்டும், பைபிள் வேண்டாம்" என்பது பெற்றோர்களின் எண்ணம். "பைபிளுக்காகத்தான் இங்கிலீஷ்" என்பது ஆண்டர்சனின் எண்ணம். இரண்டு கக்ஷியாரும் தங்கள் காரியம் ஜெயிக்கும் என்று நம்பி ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்திருந்தார்கள்!

இரண்டு சம்பவங்கள் அந்த நம்பிக்கையைக் குலைத்தன. 1838-ல் சென்னைப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் சிலர் சேர்க்கப்பட்டனர். மற்றப் பெற்றோர்கள் அவர்களை விலக்கும்படி கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். ஏராளமான பையன்கள் பள்ளியை விட்டுப் போனார்கள். தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் அங்கேயே இருந்தார்கள். கடவுளின் முன் எல்லா மனிதரும் சமம் என்று தம்முடைய வேதம் சொல்லுவதாகக் கொண்டவர், பள்ளிப் பெஞ்சிலும் அதைக் கடைப்பிடித்தார். இந்த ஒன்றுக்காக நாம் அவரை வணங்கலாம்.

1841-ல் நடந்த இரண்டாவது சம்பவம் வேறு விதமானது. ராஜகோபால், வேங்கடராமையா என்னும் இரு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பள்ளிக்கூடம் ஏறக்குறையக் காலியாயிற்று. இதைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது நியாயமாகாது. தன் மனச்சாக்ஷிக்கு உண்மை என்று பட்டதை ஏற்றுக்கொள்ளும் உரிமை அந்த இளைஞர்களுக்கு இருந்தது. ஆனால் எழுத்துக் கற்றுக்கொள்ள அனுப்பிய பிள்ளை வீடு திரும்பவில்லை என்று அழுத தாய்மார்களின் துக்கமும் பொய்யன்று. கல்வியைக் கொடுக்கிறவன் அதற்கு விலையாகச் சிறுவனின் மதத்தைக் கேட்கலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. ஆசிரியர் வேலை பார்க்கிறவர் எவரும் அதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டுதான் ஆகவேண்டும்.

குதிரைமேல் அமர்ந்த வள்ளல்

அந்தக் கேள்விக்கு ஹிந்துக்கள் அளித்த விடையையும் காஞ்சியிலேயே காணலாம். ஏகாம்பரநாதர் கோயில் தூண் ஒன்றில் குதிரைமேல் அமர்ந்த ஒரு மனிதரின் உருவத்தைக் காட்டி, "இவர்தாம் பச்சையப்ப முதலியார்" என்று சொல்கிறார்கள். 1794-ல் காலமான அந்த வள்ளல் எழுதிவைத்த தர்மச் சொத்து, நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்து, பிறகு வட்டியோடு பெருகி வெளிவந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1842-ல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டது. பாதிரிமாரின் தயவில்லாமல் ஹிந்துப் பையன்கள் ஆங்கிலம் கற்க ஓர் இடம் கிடைத்தது. பின்னர் காஞ்சியிலும் பச்சையப்பன் பள்ளி ஏற்பட்டது. இந்த ஊரில் நெசவுக் குடும்பம் ஒன்றில் 1909-ல் பிறந்த சி. என். அண்ணாதுரை அந்தப் பள்ளியில் படித்தார். 1967-ல் மாகாணத்தின் முதலமைச்சரானார்.

அத்துடன் நிற்கவில்லை. 1846-ல் சென்னைக் கவர்னர் ட்வீட்டேல் பிரபு, சர்க்கார் பள்ளிகளிலேயே பைபிளைப் பாடப் புத்தகமாக வைக்கலாம் என்று யோசனை கூறினார். சென்னை ஹிந்துக்கள் கூட்டம் கூடி ஆக்ஷேபித்து, விண்ணப்பம் எழுதினார்கள். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் காஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார் என்னும் வியாபாரி. அவர் 1844-ல் 'கிரஸெண்ட்' என்ற பத்திரிகையை ஆரம்பித்திருந்தார். லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை.

ஒரு புத்தகத்தைப் பாடமாக வைப்பதா வேண்டாமா என்ற தகராறில் கூட்டம் கூடவும் விண்ணப்பம் எழுதவும் பழகியவர்கள் அதோடு ஓயவில்லை. 1852-ல் லக்ஷ்மிநரசு செட்டியார் சென்னை சுதேச சங்கத்தை நிறுவினார். நிலவரிக் கொடுமையையும், வரி வசூலிக்க ரெவினியூ அதிகாரிகள் குடியானவர்களைச் சித்திரவதை செய்வதையும் அந்தச் சங்கம் பார்லிமெண்டுக்கு எடுத்துச் சொல்லிற்று. அதன் விளைவாக ஏற்பட்ட விசாரணைக் கமிஷன், சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855-ல் ஒப்புக்கொண்டது. காங்கிரஸ் பிறந்த 1885-க்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே இவ்வளவும் நடந்தது! தென்னாட்டுத் தேசிய வாழ்வின் முதல் பாடத்தை, வேதாகமத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்தே நமக்கு எழுதி வைத்தார்கள்.

1854-ல் வந்த கல்வி உத்தரவு ஒரு நடுவழியைக் கண்டது. சர்க்கார் பள்ளிகளில் மதபோதனை கிடையாது. பைபிள் புத்தக சாலையில் இருக்கும். விரும்பிய மாணவன் எடுத்துப் பார்க்கலாம். நமது சுதந்திர பாரதத்தின் அரசியல் சாஸனம் 1950-ல் அமுலுக்கு வந்தபோது இந்தத் தத்துவம் இன்னும் தெளிவாயிற்று. முழுவதும் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. சர்க்கார் உதவி பெறும் பள்ளியில், மாணவன் அல்லது அவனுடைய பெற்றோரின் சம்மதமில்லாமல் மதபோதனைக்கு அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28-வது விதி. சிறுபான்மையோர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்கள் நடத்தலாம் என்கிறது 30-வது விதி. முதலாவதில் லக்ஷ்மிநரசு செட்டியாரின் விண்ணப்பத்தையும், இரண்டாவதில் ஆண்டர்சனின் பள்ளிக்கூடத்தையும் நான் காண்கிறேன்.

தறியும் கூலியும்

மாலையில் பிள்ளையார்பாளையத்துக்குப் போனோம். நெசவாளர் வீதிகள் நிறைந்த பகுதி. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வெவ்வேறு நாடாக்களை ஓட்டி, இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைக்கும் கோர்வை வேலைதான் காஞ்சிப் பட்டின் கீர்த்திக்குக் காரணம். அந்தக் கோர்வைக்காகவே ஒரு சிறுவனைத் தறியில் நெசவாளரின் பக்கத்தில் உட்கார்த்தி வைப்பது வெகுகால வழக்கமாயிருந்தது. 1990-களில்கூட அந்தக் காட்சி இங்கே சாதாரணம். நகரில் இரண்டு நல்ல பள்ளிக்கூடங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இருந்தும், அவற்றின் மணியோசை இந்தச் சிறுவர்களில் பலர் காதில் விழவில்லை. கல்வியின் பெருமையைப் பேசும்போது இந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வீட்டில் முதிய நெசவாளர் ஒருவர் எங்களை அன்புடன் உட்காரச் சொன்னார். காலையில் வாசித்த யாத்திராகமம் என் நினைவில் இருந்தது. வனாந்தரத்தில் யூதர்கள் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்குத் திரைகள் நெய்ததை அது விரிவாகச் சொல்லுகிறது. பொன்னைத் தகடாக அடித்து, இழையிழையாக வெட்டி, வர்ண நூலோடு சேர்த்து வேலை செய்ததையும் சொல்லுகிறது. பெசலெயேல், அகோலியாப் என்ற தொழிலாளிகளின் பெயர்களைக்கூட விடவில்லை. இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"அப்படியானால் ஜரிகை வேலை அந்தக் காலத்திலேயே உண்டு என்று சொல்லுங்கள்" என்றார் அவர், நாடாவைக் கையில் நிறுத்திக்கொண்டு. பிறகு, "எந்தச் சாமிக்கு நெய்தால் என்ன, வாத்தியாரையா? கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா? அதைப் பற்றி அந்தப் புத்தகம் ஏதாவது சொல்லுகிறதா?" என்று கேட்டார்.

"சொல்லுகிறது. வேலைக்காரனுடைய கூலி விடியும் வரையில் எஜமானனிடம் தங்கக் கூடாது என்று லேவியராகமத்தில் விதி இருக்கிறது" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் பக்கத்தை மட்டுமாவது அச்சிட்டுப் பட்டுக் கடைகளில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், ஐயா!" என்றார்.

இந்தச் சிரிப்பு எனக்கு ஜே. சி. குமரப்பாவை ஞாபகப்படுத்திற்று. தஞ்சாவூரில் 1892-ல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அந்நிய நாடுகளில் கணக்கியலும் பொருளாதாரமும் கற்று, கடைசியில் கதருடுத்திக் காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்துக்கே வாழ்நாளை அர்ப்பணித்தவர் அவர். இயேசுவின் உபதேசத்தையும் நடைமுறையையும் பற்றி அவர் சிறையிலிருந்தபோது எழுதிய நூல் 1945-ல் வெளிவந்தது. வேதம் மெய்யானால் அது தொழிலாளியின் அடுப்பங்கரை வரையில் வரவேண்டும் என்பது அவருடைய வாழ்க்கையின் சாரம். காந்திஜியும் லண்டனில் மாணவராயிருந்தபோது பைபிளை வாசித்தார். எண்ணாகமம் தமக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். ஆனால் மலைப் பிரசங்கம் அவருடைய நெஞ்சைத் தொட்டுவிட்டது. அதைக் கீதையோடு ஒப்பிட்டு மகிழ்ந்தாரேயன்றி, கீதையைக் கைவிடவில்லை. நாவலர் எதிர்த்து நின்று கற்றார்; காந்தி அன்போடு கற்றார். இருவரும் தங்கள் இடத்திலேயே நின்றார்கள்.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். காஞ்சியின் புதல்வரான அண்ணாதுரையும் அவரைப் போன்றோரும் வளர்த்த தனித்தமிழ் ஆர்வம் வேதாகமத்தையும் விட்டுவைக்கவில்லை. 1995-ல் வெளியான பொது மொழிபெயர்ப்புக்குப் பெயர் 'திருவிவிலியம்'. அதில் ஆதியாகமம் 'தொடக்க நூல்' ஆயிற்று. யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்' ஆயிற்று. தமிழை மாற்றிய நூலைத் தமிழும் மாற்றிவிட்டது!

இன்று ஆண்டர்சன் பள்ளியில் நெற்றியில் திருநீறும் திருமண்ணும் தரித்த பையன்கள் படிக்கிறார்கள். பச்சையப்பன் தர்மத்தில் படித்தவர்களிலோ எல்லா மதத்தாரும் உண்டு. 1841-ல் அழுத தாய்மார்கள் இதைக் கண்டிருந்தால் சற்று ஆறுதல் அடைந்திருப்பார்கள். ஆனால் பெஞ்சு ஒன்றானது போதாது. பிற மதத்தாரின் நூலைப் படித்தறியாமலே வையவும், படித்தறியாமலே புகழவும் நாம் இன்னும் கூசுவதில்லை. பல வேதங்களைக் கேட்டு விவாதித்த காஞ்சிக்கு இது அழகன்று.

நேயர்களே, அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிக்குப் போகும்போது குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஏகாம்பரநாதரைத் தரிசித்துப் பச்சையப்பரின் தூணைக் காட்டுங்கள். பிறகு சிறிது தூரம் நடந்து ஆண்டர்சன் பள்ளியையும் காட்டுங்கள். இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று குழந்தை கேட்டால், சாவகாசமாக உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். பட்டுக்குப் பேரம் பேசும்போது, நெய்தவனுடைய கூலியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.